கிலன்மார்க்குக்குப் பாதி வழி

பிப்ரவரி 11, டங்மார்க்

ஸ்ரீநகரில் இறங்கியதுமே என் போன் செத்துவிட்டது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மச்சினன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஏழு நாளும் அவன் போனை இரவல் வாங்கித்தான் வீட்டுக்குப் பேசினேன். ஒவ்வொரு முறையும் "நான் அப்பவே சொன்னேனே அத்தான்" என்று ஒரு பாட்டு வேறு.

அவனுக்கு ஸ்கீயிங் பைத்தியம். நாலு வருடமாகக் குல்மார்க் வருகிறான். இதுவரை கயிற்றுக்குள் சறுக்கியவன், இந்தத் தடவை கயிற்றுக்கு வெளியே போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். கோண்டோலா, அதாவது கேபிள் கார், ஏறிப் போகிற பக்கத்தில் ஒரு பகுதியை ரோந்துக் குழு தினமும் பார்க்கும், ஆபத்து என்றால் மூடிவைக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பேக்கன்ட்ரி. அங்கே நமக்காக யாரும் பார்த்துவைப்பதில்லை. என் மனைவிக்கு இது தெரிந்ததும், "அவன் தனியாப் போகவேண்டாம், நீங்களும் கூடப் போங்க" என்றாள். 48 வயதுவரை ஃப்ரீசரில் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத ஆள் கூடப் போய் என்ன செய்யப்போகிறேன் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

டங்மார்க்கில் கார் ஒரு கடை முன்னால் தானாக நின்றது. கம்பூட்ஸும் தடிமனான கோட்டும் வாடகைக்குத் தரும் கடை. நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எல்லா ஓட்டுநர்களும் இப்படி ஒரு கடையில் நிறுத்துவார்களாம். ஏழு நாளைக்கு பூட்ஸ் வாடகை 700 ரூபாய், முன்பணம் 500. மேலே போய்ப் போட்டுப் பார்த்தால் வலது கால் 8, இடது கால் 9. இரண்டு காலுறை போட்டுச் சமாளித்தேன்.

அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். பனி கொட்டிக்கொண்டிருந்ததால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டும்தான் விட்டார்கள். அப்படி ஒரு வண்டியின் ஓட்டுநர் 2,000 ரூபாய் கேட்டார். மச்சினன் பேரம் பேச வாயெடுத்தான், நான் தடுத்துவிட்டேன். பாதி வழியில் ஒரு பக்கச் சங்கிலி கழன்றது. மனிதர் இறங்கி வெறுங்கையோடு பத்து நிமிடம் பனிக்குள் கைவிட்டு மாட்டினார். இறங்கும் முன் தன் ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் வைத்திருந்த காங்டியை, அதாவது கூடைக்குள் இருக்கும் நெருப்புச் சட்டியை, என் மடியில் வைத்துவிட்டுப் போனார். "பிடிச்சுக்கோங்க சார், உங்களுக்குக் குளிருது." குளிரில் நின்று வேலை செய்தவர் அவர். காரில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பிப்ரவரி 12, குல்மார்க்

பனி நிற்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரம்.

எங்கள் வழிகாட்டி ஒன்பது மணிக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பேச்சில் அவசரமே இல்லை. புகாரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கோப்பை நூன் சாய் குடித்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் போட்ட தேநீர். முதல் வாய் குடித்தபோது டீக்கடைக்காரர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். மூன்றாம் நாளில் அது இல்லாமல் காலை விடியவில்லை. கூடவே கிர்தா என்று ஒரு ரொட்டி, தந்தூர் அடுப்பில் சுட்டது, விரல் தடம் பதிந்திருக்கும்.

தேநீர் முடித்துவிட்டு, "இன்னைக்கு இல்ல" என்றார். மச்சினன் முகம் வாடியது.

போனை எடுத்துக் காட்டினார். பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து வந்த எச்சரிக்கை. பாராமுல்லா மாவட்டம், 2,200 மீட்டருக்கு மேல், மிதமான பனிச்சரிவு ஆபத்து, அடுத்த 24 மணி நேரத்துக்கு. குல்மார்க்கே ஏறக்குறைய 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் உங்களை 3,950 மீட்டர் வாக்கில், அஃபர்வத் மலையின் தோளில் இறக்கிவிடுகிறது. ஆக, அந்த எச்சரிக்கை நாங்கள் போக நினைத்த எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

"மிதம்தானே போட்டிருக்கு" என்றான் மச்சினன்.

"அது மாவட்டத்துக்கு. சரிவுக்கு இல்ல."

அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பனி அதிகம் பெய்தால் ஆபத்து, குறைவாகப் பெய்தால் நிம்மதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தலைகீழாகச் சொன்னார். இந்த வருடம் டிசம்பரில் கொஞ்சம் பெய்து, அப்புறம் சில்லாய் கலானில் வாரக்கணக்காக வானம் தெளிவாகக் கிடந்ததாம். டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு இங்கே அந்தப் பெயர். தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே இரவில் மைனஸ் 12, 15 என்று போகும். நடுவில் இருப்பது அரை மீட்டர் பனிதான் என்றால், 10 சென்டிமீட்டருக்கு இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரியைத் தாண்டினாலே போதுமாம். கீழே இருக்கும் ஈரம் ஆவியாக மேலேறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பட்டைப் பட்டையான மணிகளாக மாறிவிடும்.

"சூஜி மாதிரி" என்றார். ரவை! எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அந்த ரவைமேல் இப்போது ஒரே நாளில் அரை மீட்டர் புதுப்பனி. தரையில் கடுகைக் கொட்டி, அதன்மேல் பாயை விரித்து, பாயைச் சாய்த்து வைத்தால் எப்படி இருக்கும்? இது நான் சொன்ன உவமை. மச்சினன் இந்தியில் பெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி சிரித்து, "பாய் மேல நீங்க நிக்கிறீங்க, அதையும் சேர்த்துக்கோங்க" என்றார்.

மதியம் ராஜ்மா, சோறு, ஹாக் கீரை. இரண்டு பேருக்கு 480 ரூபாய். கடுகெண்ணெய் வாசனைக்கு மட்டும் பழகவேண்டும்.

பிப்ரவரி 13, குல்மார்க்

அதிகாலை மூன்று மணிக்கு வீடே இடிந்ததுபோல ஒரு சத்தம். முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு இழுவை, அப்புறம் தொம்மென்று விழுந்தது. நான் கட்டிலிலிருந்து குதித்தேன். மச்சினன் புரண்டு படுத்தான்.

விடிந்து பார்த்தால், கூரைத் தகரத்தின்மேல் இரண்டு நாளாகச் சேர்ந்த பனி மொத்தமாக வழுக்கி வாசலில் விழுந்திருந்தது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் 8ஆம் நம்பர் பூட்ஸும் 9ஆம் நம்பர் பூட்ஸும் அதற்குள். நேற்று இரவு பஞ்சு மாதிரி இருந்த பனி, விழுந்து நாலு மணி நேரத்தில் கான்கிரீட் மாதிரி இறுகிப்போயிருந்தது. விடுதிப் பையன் மண்வாரியால் வெட்டி வெட்டித்தான் எடுத்தான். இடது பூட்ஸ் கிடைக்க அரை மணி நேரம் ஆனது.

வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். "நல்ல பாடம். இதுக்கு நான் காசு வாங்கல." கூரையின் சாய்வைப் போனில் இருந்த அளவுமானியால் அளந்து காட்டினார். 36 டிகிரி. மேலடுக்குப் பனி பலகைபோல ஒரே துண்டாக உடைந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அப்போதைக்கப்போது உதிர்ந்துவிடும். குறைவாக இருந்தால் பொதுவாக நகராது. என் மனதில் பனிச்சரிவு என்றால் அண்ணாந்து பார்க்கும் செங்குத்து மலை. ஆனால் 35 டிகிரி என்பது நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு. அவ்வளவுதான். ஸ்கீ ஆட்களுக்கு மிகவும் பிடித்த சாய்வும் அதேதானாம். கொடுமை!

மதியம் பனி சற்று ஓய்ந்தது. சமவெளியில் வைத்துத் தேடும் பயிற்சி. மூவருக்கும் ஆளுக்கு ஒரு டிரான்ஸீவர். மார்போடு கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அலைவரிசைதான். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைப் பின்தொடரவேண்டும்.

வழிகாட்டி ஒரு பெட்டியைப் பைக்குள் போட்டு எங்கேயோ புதைத்துவிட்டு வந்தார். "போங்க சார்."

திரையில் அம்புக்குறி, பக்கத்தில் ஒரு எண். எண் குறையக் குறைய நெருங்குகிறோம் என்று அர்த்தம். 38 என்றது. நேராகப் போனேன், அம்பு இடது பக்கம் திரும்பியது. இடதில் போனேன், 22. அப்புறம் 31. அப்புறம் 19. திடீரென்று 44. பிறந்தநாள் விழாவில் கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளைபோலச் சுற்றினேன். கடைசியில்தான் தெரிந்தது, என் சட்டைப் பையில் இருந்த செத்த போன், சிம் வேலை செய்யாவிட்டாலும் குறுக்கே புகுந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. போனைத் தூரப் போட்டபின் எண் ஒழுங்காக இறங்கியது. அம்பு நேர்கோட்டில் கூட்டிப்போகாது, வளைந்துதான் போகும், அந்த வளைவை நம்பவேண்டும். மூன்று மீட்டருக்குள் வந்ததும் குனிந்து, பெட்டியைப் பனியை ஒட்டிப் பிடித்து, கூட்டல் குறி போல அசைக்கவேண்டும். எங்கே எண் மிகக் குறைவோ அங்கே நீளக் கம்பியைக் குத்தவேண்டும். சரிவுக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிச் சுற்றி. ஆறாவது குத்தில் கம்பி எதிலோ மெத்தென்று நின்றது. கல்லில் பட்டால் 'டக்' என்று கை அதிரும். இது அப்படி இல்லை, மெத்தையில் குத்தியதுபோல. அதற்குள் கிடப்பது வெறும் துணிப்பை என்று தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

கம்பியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கீழ்ச்சரிவுப் பக்கம் நின்று தோண்டவேண்டும். தோண்டி முடித்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டினார். 19 நிமிடம்.

"பத்து நிமிஷத்துல முடிச்சா பரவால்ல" என்றார். ஸ்விட்சர்லாந்து விபத்துகளை வைத்துப் போட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு. முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் அது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. ஹெலிகாப்டரும் ராணுவமும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கூட வந்தவன்தான் காப்பாற்றவேண்டும். மனைவி என்னை எதற்கு அனுப்பினாள் என்பது இப்போது எனக்கே வேறு மாதிரி விளங்கியது. சாயங்காலம் சொல்லாமலே போய் இன்னும் மூன்று முறை பயிற்சி செய்தேன். கடைசித் தடவை 8 நிமிடம். மச்சினன் 5.

பிப்ரவரி 14, குல்மார்க்

இப்படி ஒரு நீலத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மேகமே இல்லை. ஃபிர் மரங்கள் ஒவ்வொன்றும் மாவு சலித்துக் கொட்டியதுபோல. வடக்கே தூரத்தில் நங்க பர்பத், 8,126 மீட்டர், பல் துலக்கிக்கொண்டே பார்க்கலாம். கோண்டோலா வரிசை ரோடுவரை நீண்டிருந்தது. ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் "சார் ஒரு ரவுண்டு, சார் 500, சார் 300, சார் நீங்க சொல்றது" என்று பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் அரை கிலோமீட்டர் கூடவே நடந்து, கடைசியில் ஸ்லெட்ஜை மறந்துவிட்டு மதுரையில் மழை எப்படி என்று விசாரித்தார்.

வழிகாட்டி வந்தார். மலையைப் பார்த்தார். "இன்னைக்கும் இல்ல."

இந்த இடத்தில் சண்டை வந்தது. "மூணு நாள் ரூம்ல உட்கார்றதுக்கா லீவு போட்டு வந்தோம்? வெயில் அடிக்குது, காத்து இல்ல, இதைவிட நல்ல நாள் எப்ப வரும்?" என்றான் மச்சினன். உண்மையைச் சொன்னால் நானும் அவன் பக்கம்தான். அவருக்கு ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவா கொடுக்கிறோம்?

அவர் கோபப்படவில்லை. பெரும்பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வெயிலில்தான் எல்லாருக்கும் கால் அரிக்கும், அந்த ஒரு நாளில்தான் பனி இன்னும் ஒட்டாமல் இருக்கும் என்றார். தானாக விழும் சரிவில் மாட்டிச் சாகிறவர்கள் குறைவு. மாட்டிக்கொள்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிடுவது அவரோ அவர் கூட வந்தவரோதான்.

பிறகு மலையைக் காட்டி ஒவ்வொரு இடமாகச் சொன்னார். அந்த வலது பக்கம் ஹாபத்குட். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி போலந்துக்காரர்கள் இரண்டு பேர் அங்கே போனார்கள், சடலமாகத்தான் வந்தார்கள். கீழே பரந்து கிடப்பது கிலன்மார்க் புல்வெளி. 2024 பிப்ரவரி 22இல் ஒரு ரஷ்யர். அந்த வருடம் ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் பனியே இல்லாமல் குல்மார்க் புல்லாகக் கிடந்தது, அப்புறம் பிப்ரவரியில் மொத்தமாகக் கொட்டியது. கணக்கு போட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி அதே கிலன்மார்க்கில் 17 ராணுவ வீரர்கள். சாதாரண ஆட்கள் இல்லை, பனியில் போர் செய்யக் கற்றுத்தரும் இங்குள்ள உயர்மலைப் போர்ப் பள்ளியின் பயிற்சியில் இருந்தவர்கள்.

"கிலன்மார்க் தட்டையாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"தட்டையா இருக்கிறது வந்து விழற இடம் சார். மேல பாருங்க."

பார்த்தேன். புல்வெளிக்கு மேலே மலை முழுக்க ஓடைகளாக இறங்கி வந்தது. நாம் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் போதாது, அதற்குமேல் என்ன தொங்குகிறது என்று பார்க்கவேண்டும். மச்சினன் எதுவும் பேசாமல் போய்க் கயிற்றுக்குள்ளேயே சாயங்காலம்வரை சறுக்கிவிட்டு வந்தான். நான் இரண்டு மேகி சாப்பிட்டேன். ஒன்று 120 ரூபாய்.

பிப்ரவரி 15, குல்மார்க்

காற்று. கோண்டோலா மூடல். மலை முகட்டிலிருந்து வெள்ளைக் கொடிபோலப் பனி பறந்துகொண்டே இருந்தது. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்தேன். வழிகாட்டிக்கு அது பிடிக்கவில்லை. வானத்திலிருந்து பெய்வதைவிடப் பத்து மடங்கு வேகமாகக் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும், அதுவும் முகட்டுக்கு மறுபக்கம், நாம் பார்க்காத சரிவில்.

தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டது. பக்கெட் வெந்நீர் 50 ரூபாய். குளிக்கவில்லை.

பிப்ரவரி 16, கிலன்மார்க் வழி

கடைசியில் கிளம்பினோம். ஏழரைக்கு மைனஸ் 9. முன்தினக் காற்று அடங்கியிருந்தது. காற்று குவித்த சரிவுகள் பக்கமே போகாமல், மரங்களுக்கு நடுவே, சாய்வு குறைந்த வழியாகக் கிலன்மார்க் ஓரம்வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. அவர்கள் இருவரும் ஸ்கீயின் அடியில் வழுக்காமலிருக்க ரோமப்பட்டை ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் ஸ்னோஷூவில். முறம் கட்டிக்கொண்டு நடப்பதுபோலத்தான், பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் எங்கள் மூச்சையும் பனியின் நறநறப்பையும் தவிர வேறு சத்தமே இல்லை.

ஒரு சின்ன மேட்டில் நிறுத்திக் குழி வெட்டினார். மேலே இருக்கும் பெரிய சரிவு பார்க்கும் அதே வடகிழக்குத் திசை, ஆனால் விழுந்தாலும் புதைக்காத அளவுக்குச் சின்னச் சரிவு. தரைவரை வெட்டிச் சுவரைச் சீவியதும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. விரலால் அழுத்திக்கொண்டே இறங்கச் சொன்னார். மேலே நாலு விரலும் உள்ளே போனது. நடுவில் ஒரு விரல்தான். அதற்கும் கீழே போனால் விரல் பொசுக்கென்று உள்ளே ஓடியது. கையில் அள்ளினேன். அதே ரவை. கையுறையில் ஒட்டாமல் உருண்டு உதிர்ந்தது. வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு மணியும் பட்டை தீட்டியதுபோல மின்னியது. இரண்டு மாதத்துக்கு முந்திய பனி, அரை மீட்டருக்குக் கீழே, அப்படியே இருக்கிறது.

பிறகு 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணை வெட்டித் தனியாக நிறுத்தி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து, இதுதான் முறை. மணிக்கட்டுத் தட்டு பத்திலும் ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. டக்கென்று ரவை அடுக்குக்கு மேலே இருந்த பனி முழுதும் அப்பளம்போல் ஒரே துண்டாக முன்னால் நகர்ந்து என் மடியில் விழுந்தது. உடைந்த இடம் கத்தியால் அறுத்ததுபோல வழவழ.

மச்சினன் மெல்ல, "பதிமூணு" என்றான். வழிகாட்டி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "மரத்துக்குள்ளேயே போவோம்" என்றார்.

இன்னும் இருபது நிமிடம் ஏறியிருப்போம். மரங்கள் விலகி ஒரு சின்ன வெளி வந்தது, அதைத் தாண்டினால் கிலன்மார்க் தெரியும் என்றார்கள். வழிகாட்டி முன்னால், இடைவெளி விட்டு நான், எனக்குப் பின்னால் மச்சினன். நான் காலை வைத்தேன்.

உம்ப்ப்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. காதில் கேட்டதா வயிற்றில் கேட்டதா என்றே தெரியாது. பெரிய மெத்தைமேல் யாரோ உட்கார்ந்ததுபோல, என்னைச் சுற்றியிருந்த வெளி மொத்தமும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பத்தடி தள்ளி நின்ற சின்ன மரத்தின் கிளையிலிருந்து பனி உதிர்ந்தது, நான் அதைத் தொடவில்லை. பிறகு மறுபடி அமைதி. அவ்வளவுதான். அடியில் இருந்த ரவை அடுக்கு உடைந்து அமுங்கிய சத்தம் அது. சாய்வான இடமாக இருந்திருந்தால் மேலே இருந்த பலகை கிளம்பியிருக்கும். கீழே தட்டையில் நின்று உடைத்தால்கூட அந்த விரிசல் ஓடிப்போய் மேலே இருக்கும் சரிவை இழுத்துவிடலாமாம்.

வழிகாட்டி கை உயர்த்தினார். ஒரு நிமிடம் மலையையே பார்த்தார். திரும்பி, வந்த தடத்தைக் காட்டினார். யாரும் வாதாடவில்லை. மச்சினன்தான் முதலில் திரும்பினான்.

இறங்கும்போது நாலு பேர் எதிரே ஏறி வந்தார்கள். வட இந்தியப் பையன்கள், நல்ல உற்சாகம், கையில் புதுக் கேமரா. வழிகாட்டி நின்று, குழியில் பார்த்ததையும் சத்தத்தையும் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். "தேங்க்யூ பாய்ஜான், ஜாக்கிரதையா இருப்போம்" என்றார்கள். சாக்லேட் கொடுத்தார்கள். மேலே போனார்கள்.

அன்று மாலை முழுக்க எனக்குக் காது மலைப்பக்கமே இருந்தது. நாலரைக்கு அந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, எங்கள் விடுதிக்கு எதிர்க்கடையில் கஹ்வா குடித்தார்கள். எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். மச்சினனும் கையசைத்தான். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 17, டங்மார்க்

காலையில் தொலைநோக்கியில் பார்த்தோம். நாங்கள் திரும்பிய வெளிக்கு மேலே இருக்கும் சரிவில் நாலு தடம், பாம்பு ஊர்ந்ததுபோல அழகாக வளைந்து இறங்கியிருந்தது. சரிவு விழவில்லை. விழும் அறிகுறியும் இல்லை.

"நாம போயிருக்கலாம் போல" என்றேன்.

வழிகாட்டி தோளைக் குலுக்கினார். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை தடவை திரும்பியிருக்கிறார் என்று கேட்டேன், எண்ணியதில்லை என்றார். அதில் எத்தனை தடவை சரிவு விழுந்தது? "ரெண்டு, மூணு தடவை பார்த்தேன். மத்தபடி தெரியாது சார். திரும்பினது சரியா தப்பான்னு மலை வந்து சொல்லாது." நாலு பேரும் போய் வந்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன். ஒருத்தன் போன தடத்துக்கு ஒரு முழம் தள்ளி, பனி கொஞ்சம் மெலிதாக இருக்கும் இடத்தில் ஐந்தாவது ஆள் போனால் உடையலாம், உடையாமலும் போகலாம் என்றார். இதைவிட நேரான பதிலை அவரிடமிருந்து கறக்க முடியவில்லை. எனக்கு அது திருப்தியாக இல்லை, இன்னும் இல்லை. மூன்றாம் நாள் சம்பளத்தை, அந்த நீல வானத்து நாளுக்கானதை, அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார். நாங்கள் முழுதாகத்தான் நீட்டினோம்.

திரும்பும் வழியில் அதே கடை. பூட்ஸைக் கழற்றி வைத்தேன். கடைக்காரர் எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார், இடது காலிலிருந்து ஒரு கை பனி விழுந்தது.

"கிலன்மார்க் போனீங்களா?"

"பாதி வழி."

"அச்சா" என்றார். இரண்டு அடிப்பாகத்தையும் பார்த்தார். ஒன்று 8, ஒன்று 9 என்பதை அப்போதுதான் கவனித்தாரோ என்னவோ, முன்பணம் 500இன் மேல் இன்னொரு 200 ரூபாயை வைத்து, ஒன்றும் சொல்லாமல் என் கையில் திணித்தார்.